குடிகாரப் பொம்மையின் கைக்கட்டு

அண்ணாவுக்கு,

நீ அப்பாவைக் குடிகாரராக்கிவிட்டாய். ஆலைக்காரர்கள் விபத்து அறிக்கையில் ஆக்கினார்கள், சினிமாக்காரர்கள் திரையில் ஆக்கினார்கள், நீ விளையாட்டில் ஆக்கியிருக்கிறாய். அவர்களுக்கு அவர் யாரோ. உனக்கு?

'அன்புள்ள' என்றுதான் ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

நான் கேம் சென்டரில் மெஷின் பழுது பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் புதிதாக ஒரு பெட்டி வந்தது. பழைய காலத்து மாதிரியே செய்தது; ஒரு கைப்பிடி, இரண்டு பட்டன், காசு போடும் ஓட்டை, திரையில் கட்டம் கட்டமாக உருவங்கள். அப்பாவைப் பலி வாங்கிய நம்மூர் ஆலை வெடிப்பை வைத்து எடுத்து, ஊரே விசிலடித்துப் பார்த்த அந்தப் படத்தின் விளையாட்டு. கதாநாயகன் தொழிலாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். முதல் கட்டத்தில் பாய்லர் முன்னால் ஒரு கிழவன் தள்ளாடிக்கொண்டு நிற்பான். அவனை எட்டி உதைத்தால்தான் வால்வை மூட முடியும். உதைத்தால் ஐந்நூறு புள்ளி. உருண்டு விழும்போது ஏப்பம் விடுவான்.

அந்த ஏப்பத்துக்கு இங்கே ரசிகர் கூட்டமே இருக்கிறது. டை கட்டிய ஆட்கள் மத்தியானத்தில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். "என்ன மாமா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே உதைக்கிறார்கள். ஒருத்தன் தன் மனைவியிடம், "உங்கப்பா மாதிரியே இருக்கான் பாரு" என்றான். அவளும் சிரித்தாள். நான் பக்கத்து மெஷினில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

அது தள்ளாட்டம் இல்லை, அண்ணா. கொதிநீர் பட்டு வெந்த வலது காலை அப்பா இழுத்து வைக்கும் நடை. எதையும் தொடுவதற்கு முன் கையை பேண்ட்டில் இரண்டு முறை துடைப்பாரே, அதுவும் இருக்கிறது. நம்மைத் தூக்குவதற்கு முன்னாலும் அப்படித்தான் துடைப்பார். அதைக் குடிகாரனின் கோமாளித்தனமாக்கி விற்றிருக்கிறாய். ஒரு சொட்டுகூடக் குடிக்காத மனிதர்.

யார் வரைந்தது என்று அப்போது தெரியாது. மெஷினைப் பரிசோதனை நிலையில் போட்டு உருவங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் வேலை செய்தவர்களின் பட்டியல் வந்தது. 'உருவங்கள்: வண்டு.' வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயரையே போட்டிருக்கிறாய். பெருமை போல.

அதோடு முடிந்திருந்தால் உன்னைத் திட்டி நாலு வரி எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா அந்தத் திரைமுன் நின்றுவிட்டாள். ஆடுகிறவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, என் கையைப் பிடித்து இழுத்து, "அந்தக் கட்டைப் பாத்தியாடி?" என்றாள். கிழவனின் இடது கட்டைவிரலில் நீலத் துணிக்கட்டு. மொத்தமே நான்கு நீலப் புள்ளிகள்.

நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. "காலையில வீட்ட விட்டுப் போறப்ப அவர் கையில ஒண்ணும் இல்ல. அடையாளம் காட்டச் சொல்லி, கருகாம இருந்த அந்தக் கைய மட்டும்தான் எனக்குக் காட்டினாங்க. அப்ப நீலத் துணி இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் அம்மா.

அவள் கணக்கு சரிதான். இதை வரைந்தவன் அன்றைக்கு ஆலைக்குள் அப்பாவைப் பார்த்தவன். காலையிலிருந்தே போதையில் விழுந்து கிடந்தார் என்ற அறிக்கையைப் பொய் என்று சொல்லக்கூடியவன். அப்படி ஒரு சாட்சி இல்லாமல்தான் மறுவிசாரணையில் வக்கீல் கையை விரித்திருந்தார். "அந்தப் புண்ணியவான் யாருன்னு கண்டுபிடிடி" என்கிறாள்.

அந்தப் புண்ணியவான் நீ.

அன்றைக்கு வெளியூரில் இண்டர்வியூ என்று எங்களிடம் சொன்னாய். ஆலைக்குத்தான் போயிருக்கிறாய். அடக்கம் முடிந்த மறுநாள் ஆலை மேலாளரின் காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அடுத்த வாரம் விமானம் ஏறினாய். அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த உனக்குக் கையை அடக்கத் தெரியவில்லை.

விசாரணை வரும் பதினெட்டாம் தேதி. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உடனே பதில் போடு.

தங்கை

—

அண்ணாவுக்கு,

இருபது நாள் ஆகிவிட்டது. கடிதத்துக்குப் பதில் இல்லை, போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

அம்மா தினமும் வேலை முடிந்து கேம் சென்டருக்கு வந்துவிடுகிறாள். நேற்று ஆடிக்கொண்டிருந்த ஒருவனிடம், "தம்பி, ஒதைக்காம கொஞ்ச நேரம் நிக்க விடுப்பா" என்று கேட்டாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரியான லூசு" என்று முணுமுணுத்து, கைப்பிடியை விட்டுவிட்டுப் போனான். கதாநாயகன் அசையாமல் நின்றான். கொடுத்த நேரம் தீரும்வரை அப்பா பாய்லர் முன்னால் போய்ப் போய் வந்தார். அம்மா உட்காரக்கூட இல்லை.

சாட்சி கிடைத்துவிட்டதாக வக்கீலிடமும் சொல்லிவிட்டாள். பேர் கேட்டாராம். "என் பொண்ணு கொண்டாருவா" என்றாளாம்.

உன் பேரை என்னால் எழுதிக் கொடுக்க முடியும். பட்டியல் மெஷினிலேயே இருக்கிறது. ஆனால் தன் மகன்தான் அது என்று வக்கீல் வாயால் அவள் கேட்கக் கூடாது. அவ்வளவு அசிங்கத்தை என்னால் அவளுக்குச் செய்ய முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும்.

மன்னிப்பு கேட்டு எழுதாதே, படிக்க மாட்டேன். பொம்மையை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. இனி எங்களிடம் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி. அந்த அறையில் அம்மா முன்னால் எழுந்து நின்று, அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார் என்று உன் வாயால் சொல்.

வருகிறாயா, இல்லையா?

தங்கை