ஏழு வருடக் கணக்கு

அன்புள்ள கோய்க்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அலாஸ்காக் குளிரில் நீயும் நலமாக இருந்து, நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டாமல் போட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். பெக்கான் மரம் இந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது, உன் அப்பாவுக்குத் தினமும் அணில்களோடு சண்டை. சேதி என்னவென்றால், முழங்கால் அறுவைக்காக அப்பாவின் காப்பீட்டில் என்னைச் சேர்க்கப் போனால் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள், தேவாலயத்தில் நின்று மோதிரம் மாற்றாத நாங்கள் அதற்கு எங்கே போவது, சடங்கில்லாத கல்யாணமும் டெக்சாஸில் செல்லும், மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள், செவ்வாய்க்கிழமை போனோம்.

படிவத்தில், எந்தத் தேதியிலிருந்து மணமானவர்கள் என்று ஒரு கட்டம். அப்பா யோசிக்காமல் 1995 அக்டோபர் என்று எழுதப் போனார். ஏழு வருடம் சேர்ந்திருந்தால் தானாகக் கல்யாணம் ஆகிவிடும் என்பது அவருடைய அப்பா சொல்லி வைத்த கணக்கு, அதை வைத்துத்தானே நாமும் வருடா வருடம் பெக்கான் பருப்பு வைத்த 'பை' பலகாரம் செய்து கொண்டாடினோம். ஆனால் நீ பிறந்தது 1990. மூன்றாம் வகுப்பில் உன்னோடு படித்த ஹார்லன் உன்னை முறைதவறிப் பிறந்தவன் என்று சொன்ன வார்த்தையும், நீ உதடு கிழிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு அந்தக் கட்டத்துக்குள் தெரிந்தன. அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

எழுத்தர் திருமதி புரூயிட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏழு வருடம் என்று சட்டத்தில் எங்குமே இல்லை என்றார். இருவருக்கும் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும், வேறு துணை இருக்கக் கூடாது. நாம் கணவன் மனைவி என்று இருவரும் ஒப்புக்கொண்டு, இந்த மாநிலத்தில் ஒன்றாகக் குடியிருந்து, ஊராரிடமும் அப்படியே சொல்லியிருந்தால் கல்யாணம்தானாம். மூன்றும் இருந்தால் ஒரு மாதமானாலும் செல்லும், ஒன்று குறைந்தால் முப்பது வருடமானாலும் செல்லாதாம். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க எப்போ ஒத்துக்கிட்டீங்க, ராய்ஸ்?" என்று கேட்டார்.

அப்பா தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "எண்பத்தெட்டுல, வாடகை வீட்டுக்குச் சாமான் இறக்கின அன்னிக்கு. இனிமே நீ என் பொண்டாட்டி, சம்மதமான்னு கேட்டேன். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வான்னு சொன்னா."

அடுத்த ஞாயிறே தேவாலய விருந்தில் எல்லோரிடமும் என்னை மனைவி என்று சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது. 1995 முதல்தான் வருடா வருடம் 'பை' செய்து கொண்டாடுகிறோம் என்று நான் சொன்னதும், "அப்போ இந்தம்மாவுக்கு ஏழு 'பை' பாக்கி வெச்சிருக்கீங்க" என்றார் புரூயிட். அப்பா 1988 அக்டோபர் 8 என்று அழுத்தி எழுதினார்.

நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் அலாஸ்காவில் இப்படிச் சட்டம் இல்லையாம், ஆகவே ஒரே வீட்டில் இருக்கும் நீயும் லீனாவும் காலம் தானாகச் செய்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேள். காலுறையை மறக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஹார்லன்தான் இப்போது நம் தெருவுக்குத் தபால்காரன். இந்தக் கடிதத்தை நானே அவன் கையில் கொடுக்கப் போகிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுத்தான்.

உன் அம்மா,
நெல்டா