‘ஒன்லி’ என்னும் சொல்லும் செங்கழி ஊற்றும்

நலம் பெருகுக. நீலவரை நாடு முழுதாளும் கொற்றநங்கைத் தேவியாரின் திருமுகம். கடல்வாயில் காக்கும் செங்கழித் துறைப் படைத்தலைவர் ஏனாதி சாத்தனார் காண்க. உம் துறையில் கலங்கள் கரை தப்பாதிருக்கட்டும். உம் ஊரார் குடத்தில் நீர் வற்றாதிருக்கட்டும்.

ஆங்கிலக் கப்பல் தலைவனுக்கு நிலம் அளிக்கலாம் என நீர் விடுத்த ஓலையைத் தேவியார் மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார். முன்னர் அவன் அவைக்கு வந்தபோது, மிளகு வைக்கக் கிடங்கு ‘ஒன்லி’ என்றான். பின்பு கிடங்குக்கு மதில், ஒன்லி. மதிலுக்குக் காவலர், ஒன்லி. கள்வரை அச்சுறுத்தப் பீரங்கி, அதுவும் ஒன்லி. ‘மட்டும்’ என்று பொருள் சொல்லிவந்த துபாசி, பீரங்கி வந்ததும் தரையைப் பார்த்தான். கேட்கும் பொருள் பெருகப் பெருக, சொல்லோ அதே அளவில் சிறிதாகவே இருந்தது தேவியாரை உறுத்திற்று. இளவரசர் வளரும் வரை மட்டும் என்று சொல்லித்தான் அவையோர் தேவியாரையும் அரியணையில் அமர்த்தினர். அச்சொல் எவ்வளவு நீளும் என்பதை அமர்ந்தவர் அறிவார்.

பிடியானை சுற்றிவந்த நிலமே கொடை நிலம் என்னும் நம் வழக்கத்தை அவன் மகிழ்ந்து ஏற்றதாகவும், பிடியை நண்பகலில் கயிறின்றி விடுக என்பது மட்டுமே அவன் வேண்டுகோள் எனவும் இப்போது எழுதியிருக்கிறீர். வெயிலில் விடாய்த்த யானை எங்கே போகும்? ஊருக்கு இருக்கும் ஒரே நன்னீர் ஊற்றுக்குப் போகும். அதைச் சுற்றித் திரும்பினால் ஊற்று அவன் மதிலுக்குள். பிறகு செங்கழியார் குடிநீருக்கும் அவன் வாயிலில் நிற்பர். இதை அறியாது எழுதினீரா, அறிந்தே எழுதினீரா எனத் தேவியார் தம்முள் பலவாறு கேட்டார். முறையிட வந்த வலைச்சி ஒருத்தி, “ஏனாதியாருக்குத் தண்ணி பல்லக்குல வருது தாயே, ஊத்து எந்தப் பக்கம்னு அவருக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அவை சிரித்தது, தேவியார் சிரிக்கவில்லை.

ஆதலின் ஆணை: பிடி, வயிறு நிறைய நீர் அருந்தியபின் காலையில் நடக்கும். கயிற்றை நீரே பிடித்து முன்செல்வீர். ஊற்றைச் சுற்றிச் செங்கழிப் பெண்கள் குடங்களோடு நிற்பர். யானையை அப்பக்கம் திருப்பத் துணிந்தால், அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடியே திருப்புவீராக.

இவ்வாணைக்கு நாரை இலச்சினையே சான்று. இதைக் கொணரும் வீரர், எல்லைக்கல் நடும்வரை உம்மைவிட்டு அகலார்.