மேல் தட்டு, கீழ்த் தட்டு

கூலாய்
10.5.2025

என் முசுடு மிஸ்ஸிக்கு,

அங்கம்மா கும்பிட்டுக்கிறேன். நான் சுகம். "நீங்க சுகமா"ன்னு எழுதி, அப்புறம் அடிச்சிட்டேன். இருபத்தாறு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா நீங்க, இந்தப் பக்கம் நான். உங்களுக்குக் கடுதாசி எழுத வேண்டி வரும்னு யார் கண்டா?

நீங்க தவறி நாலு மாசம் ஆகுது. உங்க அண்ணன் மக தர்மினி நேத்து சிங்கப்பூர்ல இருந்து வந்து, "ஆன்ட்டி, அத்தை புக் பண்ணின டூர். அவங்க இடத்துல உங்க பேரைப் போட்டாச்சு. நாளன்னிக்குப் பிளேன்"னு நிக்கிறா. எங்கன்னா பல்கேரியா, செர்பியாவாம். சாமியார் மடம் பார்க்கவாம்.

"நான் மாரியம்மன் கோயில்ல கஞ்சி ஊத்துறவ. வேதக்கார மடத்துல எனக்கென்னம்மா வேலை"ன்னேன்.

தர்மினி ஒரு கவரை நீட்டினா. உங்க கையெழுத்து. பார்த்து அழுதேன். படிச்சிட்டுச் சிரிச்சேன். அதையும் இதோட பின் பண்ணி வெச்சிருக்கேன். பொட்டியில பாதி மருந்து, மீதி ஊறுகாய்.

இப்படிக்கு,
அங்கம்மா

*

கூலாய்
2.12.2024

அன்பின் அங்கம்மா,

இதை வாசிக்கும்போது நான் இருக்க மாட்டேன். அழ வேண்டாம். அழுதால் உமக்குப் பிரஷர் ஏறும், ஊசி போட நான் இல்லை.

அந்த மடங்களைப் படத்தில் பார்த்தே எனக்கு வயது போய்விட்டது. எண்ணூறு வருடமாக நிற்கிற சுவர்கள். எழுபத்தொரு வருடம் நின்றதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. நீர் போய்ப் பாரும். வந்து வாயால் சொன்னால் பாதி உமது சொந்தச் சரக்காக இருக்கும். ஆகவே அங்கிருந்தே எழுதும்.

ஒரு வேலை உண்டு. அந்தக் கோயில்களில் மெழுகுவர்த்திக்கு இரண்டு தட்டு இருக்குமாம். மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு. கீழ்த் தட்டு காலமானவர்களுக்கு. எனக்குக் கீழே ஒன்று வையும். உமக்கு மேலே ஒன்று. மாற்றி வைக்க வேண்டாம். உம்மை எனக்குத் தெரியும்.

எங்கள் பாஸ்டரிடம் மூச்சு விட வேண்டாம். எங்கள் சபையில் இதற்கெல்லாம் இடமில்லை.

இனிப்பைக் குறையும்.

உமது,
செல்லப்பாக்கியம்

*

ரீலா மடம், பல்கேரியா
14.5.2025

மிஸ்ஸிக்கு,

அலமாக், என்ன குளிரு! மலைக்கு நடுவுல மடம். வரிவரியா கறுப்பும் வெள்ளையும் தூண். கோயில் வெளிச்சுவர்ல பேய்ப் படம் வேற. பேய்ங்க ஆளுங்களை வரிசையில தள்ளிக்கிட்டுப் போறதைப் பார்த்ததும், நீங்க கிளினிக்ல எங்களை ஊசிக்கு நிக்க வெச்சதுதான் ஞாபகம் வந்துச்சு.

வாசல்ல செருப்பைக் கழட்டினேன். "ஆன்ட்டி, இங்க போட்டுக்கிட்டே போலாம்"னு தர்மினி கத்துறா. எப்படிப் போக முடியும்? சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன? காலுறையோட கோயிலைச் சுத்த ஆரம்பிச்சேன். மூணாவது சுத்துல திரும்பிப் பார்க்கிறேன், வெள்ளைக்காரங்க அஞ்சு பேர் வரிசையா என் பின்னால. அதுல ஒருத்தர் செருப்பைக் கையில வெச்சிருக்கார்! நான் நின்னா அவங்களும் நிக்கிறாங்க. கைகூப்பினா கைகூப்புறாங்க. ஏதோ இந்தக் கோயில் முறைன்னு நினைச்சிட்டாங்க, பாவம்.

பழைய அடுக்களையும் பார்த்தேன். செனாய் ஃபேக்டரி கேன்டீன்ல நான் சோறாக்கின அண்டா, இங்க இருக்கிற அண்டாவுக்கு முன்னால டம்ளர்தான்.

சரி, உங்க வேலைக்கு வர்றேன். உங்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன். மேல் தட்டுல வெச்சிட்டேன்.

"ஆன்ட்டி, அது உயிரோட இருக்கவங்களுக்கு."

"தெரியும்லா."

"அப்புறம்?"

"முட்டி வலி. குனிய முடியல."

"நான் வெக்கவா?"

"நீ உன் போட்டோவைப் பிடி."

திட்டாதீங்க. கீழ வெச்சா, நீங்க போயிட்டீங்கன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி இல்ல? ரொட்டிக்காரர் இன்னும் உங்க வீட்டு முன்னால ஹார்ன் அடிக்கிறார். ஈப்போவுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அங்கம்மா

*

ஜீச்சா மடம், செர்பியா
19.5.2025

மிஸ்ஸிக்கு,

இது பொம்பளைச் சாமியார் மடம். கோயில் முழுக்கச் சிவப்புச் சாயம், நம்ம ஊர்க் கோயில் மாதிரியே. எண்ணூறு வருஷமாம், தர்மினி சொன்னா. உங்களுக்குப் பிடிச்சிருக்கும். எல்லாம் துடைச்சு மினுமினுன்னு இருக்கு. நீங்க விரலால தடவிப் பார்த்துட்டு, அப்பவும் ஒரு குறை சொல்லியிருப்பீங்க.

இங்கேயும் உங்களை மேல் தட்டுலதான் வெச்சேன். கண்ணாடி போட்ட சின்ன அம்மா ஒருத்தர், கறுப்பு அங்கி, உங்க உயரம்தான். இந்த ஊருக்குப் புதுசு, கறுப்புச் சேலை, அழுத கண்ணுன்னு என்னைப் பார்த்ததும், போனவங்களுக்கு வெக்கிறதைத் தெரியாம மேல வெச்சிட்டேன்னு நினைச்சிருக்கணும். வந்து மெழுகுவர்த்தியை எடுத்துக் கீழ வெச்சாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் எடுத்து மேல வெச்சேன். வந்தாங்க, கீழ வெச்சாங்க. போனாங்க, மேல வெச்சேன். மூணாவது தடவை தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு என்னைக் கையும் களவுமா பிடிச்சிட்டாங்க. தர்மினி என்னை யாருன்னே தெரியாத மாதிரி கூரையைப் பார்க்கிறா.

அந்த அம்மா கோபப்படல. இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாங்க.

"இது யாருக்குன்னு கேட்கிறாங்க, ஆன்ட்டி."

"எங்க மிஸ்ஸிக்கு."

"உயிரோட இருக்காங்களான்னு கேட்கிறாங்க."

தர்மினி நான் சொல்லட்டும்னு நிக்கிறா. ரொட்டிக்காரர்கிட்டச் சொன்ன மாதிரி ஈப்போன்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். கோயிலுக்குள்ள பொய் சொல்ல வாய் வரல.

"இல்ல"ன்னேன்.

நாலு மாசத்துல அதை என் வாயால சொன்னது இதுதான் முதல் தடவை. தர்மினி அதை இங்கிலீஷ்ல மாத்தக்கூட வேண்டி வரல. அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் நானே குனிஞ்சேன். முட்டி சொடுக்கு விட்ட சத்தத்துல கோயில்ல எல்லாரும் திரும்பிட்டாங்க. உங்களைக் கீழ்த் தட்டு மணல்ல, ஆடாம நட்டு வெச்சேன். அந்த அம்மா இன்னொரு மெழுகுவர்த்தி எடுத்து என் கையில குடுத்து, மேல காட்டினாங்க. நீங்க சொன்னபடியே எனக்கும் ஒண்ணு வெச்சாச்சு. ரெண்டும் நல்லா எரிஞ்சுச்சு.

ஊருக்குப் போனதும் ரொட்டிக்காரர்கிட்டச் சொல்லிடுறேன். அவரும் அழுவார், பார்த்துக்கிட்டே இருங்க.

இப்படிக்கு,
அங்கம்மா

ஒண்ணு எழுத விட்டுப் போச்சு. என்னுதைத் தட்டு ஓரத்துல வெச்சிட்டேன் போல. கிளம்புறப்போ பார்த்தா, என் மெழுகு உருகி வழிஞ்சு, கீழ உங்க தலை மேலேயே சொட்டிக்கிட்டிருக்கு. சுட்டுச்சா, மிஸ்ஸி?