அக்காவின் எட்டுக்குப் பன்னிரண்டு படம்

நவம்பர் 8, சனி

மழை. நேற்று ராத்திரியிலிருந்து நிற்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு. துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாசனை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் இன்னும் நாலு படம் பாக்கி.

இதைப் பழைய பயாலஜி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு. அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

திருச்சியிலிருந்து போன். அக்காவுக்கு வந்திருக்கும் வரன். பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டதாம். பையனின் அம்மா போட்டோ கேட்டார்கள். முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று. இரண்டும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். “பெருசா இருந்தாத்தாங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து பார்க்க வசதி.”

அம்மா போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

காரணம் அக்காவின் இடது தாடை. காதுக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. மூன்று வருஷம் முன்னால் புளியங்கொட்டை அளவு. இப்போது ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தஞ்சாவூர் டாக்டர் சொன்னது: யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது, வலிக்காது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா கேட்டது: “கல்யாணத்துக்கு, டாக்டர்?” அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

ஸ்டுடியோ வேண்டாம் என்று முடிவு. அங்கே லைட் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். சிங்கப்பூர் மாமா விட்டுப்போன டிஜிட்டல் கேமராவில் நான் எடுக்க வேண்டும். அதன் புத்தகத்தைப் படித்தது வீட்டில் நான் ஒருத்திதான்.

புத்தகத்திலிருந்து குறித்தது (எண் கூடக் கூடப் படம் தெளிவு, இடமும் அதிகம் பிடிக்கும்):
640 – இமெயிலுக்கு மட்டும்.
1024 – போஸ்ட்கார்டு சைஸ்.
1600 – அஞ்சுக்கு ஏழு.
2048 – எட்டுக்குப் பன்னிரண்டு வரை.
கேமரா கார்டில் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாப் படங்கள் கிடக்கின்றன, அழிக்கக் கூடாதாம். மீதி இடம்: 2048-ல் வைத்தால் 3 படம், 640-ல் வைத்தால் 45.

அம்மா புத்தகம் படிக்காமலே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். புதுமனைக்கு மாமா எல்லாவற்றையும் 640-ல் எடுத்துவிட்டார். அதில் ஒன்றைப் பெரிதாகப் போட்டபோது எல்லோர் முகமும் மாவு பூசினாற்போல வந்தது. மூக்கும் தெரியவில்லை, முழியும் தெரியவில்லை.

“அதே மாதிரி எடுடி. சின்னதுல எடுத்துப் பெருசாப் போட்டுடுவோம். கேட்ட சைஸும் குடுத்த மாதிரி ஆச்சு.”

எல்லோரும் புரியாமல் செய்கிற தப்பு. அம்மா புரிந்து செய்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் கொஞ்சம் வெளிச்சம். பத்து மணிக்கு மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் எடுத்தாகிவிட்டது.

கொல்லைப்பக்கச் சுவர். அக்காவுக்கு மாம்பழக் கலர் பட்டு. அம்மா ஒரு மணி நேரம் முகத்துக்குப் பூசினாள். முதலில் தோல் நிறத்துக் களிம்பு, மேலே பவுடர். பிறகு தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, வெள்ளையடித்த சுவரைப் பார்ப்பது போல அக்காவைப் பார்த்தாள்.

640-ல் பதினாலு எடுத்தேன்.

“சிரிடி சுமதி. யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்த மாதிரி நிக்கறே.”

“பல்லுலயும் பவுடர் பூசிடும்மா, சிரிக்கிறேன்.”

பால் பொங்கும் வாசனை. அம்மா உள்ளே ஓடினாள். அக்கா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பெருசுல வை, மாலா.”

“அம்மா கொன்னுடுவாங்க.”

“வைடி. எதுல எடுத்தா எல்லாம் தெரியுமோ அதுல.”

வைத்தேன். 2 என்று காட்டியது. அவசரத்தில் முதல் படம் ஆடிவிட்டது. அழித்தேன். மறுபடி 2. முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று. பிறகு 0. அடுப்படியில் அம்மா பால் பாத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். வைகாசியில் கும்பகோணத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அத்தை எழுந்து வந்து, “மகாலட்சுமி மாதிரி இருக்கேம்மா” என்று அக்காவின் கன்னம் இரண்டையும் வழித்து நெட்டி முறித்தாள். முறித்த கையைப் பார்த்தாள். விரலெல்லாம் களிம்பு.

“என்னம்மா இது, கையில ஒட்டுது?”

கூடம் முழுக்க ஆட்கள். கேசரி அப்படியே இருந்தது. அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கீழே வைக்கவும் தெரியாமல்.

அதற்கு முன்னால் வந்தவர்கள் ஊருக்குப் போய் வேண்டாம் என்று கடிதம் போட்டார்கள்.

இன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது அக்கா சொன்னாள். “வேணாம்னா அங்கேயே இருந்து வேணாம்னு சொல்லட்டும். இன்னொரு தடவை என் மூஞ்சியை யாரும் தொட்டுப் பார்க்க வேணாம்.”

நவம்பர் 11, செவ்வாய்

மன்னார்குடியில் பள்ளிக்கூடம் விட்டதும் படம் போடக் கலர் லேபுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அண்ணன், எப்போதும் ஒரு காதில் பேனா.

கார்டைச் செருகிப் பார்த்தார். “என்ன பாப்பா, ஒரே ஆளு, ஒரே புடவை, ரெண்டு தினுசா இருக்கு?”

“எட்டுக்குப் பன்னெண்டு வேணும்ணா.”

“இந்தப் பதினாலுல எதைப் போட்டாலும் ஜமுக்காளம் மாதிரி கட்டம் கட்டமா வரும். யாரு சின்னதுல வச்சது, நீயா? கடைசி ரெண்டு நல்லா வரும். அதைப் போடவா?”

அம்மா காலையில் சொல்லி அனுப்பியது: மூன்றாவதும் ஒன்பதாவதும். மூன்று, ஒன்பது என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

“கடைசி ரெண்டு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

“பக்கவாட்டுல கொஞ்சம் வெட்டுப்படும் பாப்பா. உன் கேமரா படம் அகலம், பேப்பர் ஒடுக்கம்.”

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி. வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா சொல்வது: “இவளுக்கு அமையலைன்னா உனக்கும் எவன் வருவான்?” எனக்குப் பதினாறு. எனக்கு யாரும் வர வேண்டாம். ஆனாலும் குளிக்கும்போது முழங்கை, முழங்கால், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கிறேன். தினமும். இன்றும் ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

தூறல். ஃபிசிக்ஸ் டெஸ்ட், 50-க்கு 22.

படம் வாங்கி வந்தேன். லேபில் கவரைப் பிரித்துப் பார்க்கப் பயம். பஸ்ஸில் பார்த்தேன்.

திட்டு இல்லை.

புடவையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. நெற்றியோரத்துப் பூனை முடி தெரிகிறது. தாடையில் மட்டும் ஒன்றும் இல்லை. மொழுமொழுவென்று, பொம்மை மாதிரி. லேப் அண்ணனே கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். அவர் கவரைக் கொடுக்கும்போது “கல்யாணப் போட்டோவாச்சே, சுத்தம் பண்ணிட்டேன்” என்று சொன்னது அப்போதுதான் விளங்கியது. எல்லாப் பெண் படத்துக்கும் செய்வாராம். பரு, மச்சம், தழும்பு. கேட்க வேண்டியதே இல்லை.

அம்மா பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். “மூணாவதா ஒன்பதாவதாடி இது?” என்றுகூடக் கேட்கவில்லை. அழுதுவிட்டாள். “எம் பொண்ணு இப்படித்தான் இருந்தா” என்றாள்.

அம்மாவை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

அக்கா படத்தைக் கையில் வாங்கவில்லை. அம்மா தோள் வழியாகப் பார்த்தாள். “யாரும்மா இது?”

“வாயை மூடு. நாளைக்கே அனுப்பிடலாம்.”

“முந்தானை ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. வேற போட்டு வாங்கிட்டு அனுப்பலாம்.”

“இதுவே போதும்.” ஆனால் நாளைக்கு ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்து, சனிக்கிழமை அனுப்புவதாக முடிவு.

ராத்திரி பாய் விரிக்கும்போது அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “லேப்ல போய் உள்ளதை உள்ளபடி போடச் சொல்லு.”

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்து மத்தியானமே விட்டுவிட்டார்கள். மிட்டாயை லேபுக்குப் போகும்வரை வாயில் போடவில்லை.

கடையில் கூட்டம். பாஸ்போர்ட் போட்டோவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா. துபாய் போகிற இரண்டு பேர். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். போகப் போக வந்துகொண்டே இருந்தார்கள்.

“என்ன பாப்பா, காலு வலிக்கலை?”

“அண்ணா, அந்தப் படம்...”

“என்ன, நல்லா இல்லையா?”

“கன்னத்துல இருந்ததைத் திரும்ப வைங்க.”

கடை அமைதியாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் குழந்தை அழுதுகொண்டுதான் இருந்திருக்கும்.

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். “ஏழு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எடுக்கச் சொல்லி வருவாங்க. வைக்கச் சொல்லி நீதான் வந்திருக்கே.”

துபாய்க்காரர் ஒருவர் சிரித்தார். “எனக்கும் ரெண்டு வை தம்பி, வீட்டுல அடையாளம் தெரியணும்ல.”

குழந்தைக்காரம்மா திரும்பி, “சும்மா இருங்க, அது மூஞ்சியைப் பாருங்க” என்றாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

லேப் அண்ணன் பிறகு விளையாடவில்லை. திரையில் பழைய படத்தைத் திறந்தார். அதில் அக்கா. ஈர முகம், திட்டு, எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரு, அக்காவா?”

“ம்.”

“வீட்டுல தெரியுமா?”

“தெரியும்ணா.” பொய்.

“இதுல ஒரு விரலும் வைக்கலை. எப்படி இருக்கோ அப்படி” என்று சொல்லித்தான் கவரில் போட்டார். காசு வாங்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில்! கொடியில் துணி.

அம்மா கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்தாள். அதில் இருந்தது அந்தப் பொம்மைப் படம். “ரெண்டு பேருமா போய் கூரியர்ல போட்டுட்டு வாங்க.”

கூரியர் கடை வாசலில் அக்கா கவரைப் பிரித்தாள். பழையதை எடுத்து என்னிடம் கொடுத்தாள். புதியதை உள்ளே வைத்து, நாக்கால் ஈரம் செய்து, ஒட்டினாள். நான் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொம்மைப் படங்களை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நோட்டு உப்பித் தெரிகிறது.

நவம்பர் 19, புதன்

போன் அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். இன்று அடித்தவை: அப்பாவின் பாங்க்கிலிருந்து, ராங் நம்பர், சிங்கப்பூர் மாமா. மாமா: “கேமராவை ஈரத்துல வைக்காதீங்க.”

அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம்: “போட்டோ போயிருக்கு. தையில முடிச்சுடலாம்னு இருக்கோம்.”

கடவுளே.

நவம்பர் 22, சனி

வந்துவிட்டது. காலை பதினோரு மணி, திருச்சியிலிருந்து போன். அம்மா எடுத்தாள். நாங்கள் இருவரும் அடுப்படியில். அம்மா பேசியது மட்டும் கேட்டது.

“சொல்லுங்க, சொல்லுங்க... வந்துச்சுங்களா... என்னங்க?... கன்னத்துலயா?... இல்லைங்களே, அது... ஆமாங்க... மூணு வருஷமா... டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டாருங்க... புரியுதுங்க... இல்லை இல்லை, நீங்க சொன்னதே நல்லதுங்க... வச்சுடறேன்.”

அம்மா வந்து அடுப்படி நிலையில் நின்றாள். “எந்தப் படம்டி போச்சு?”

“நான்தாம்மா மாத்தினேன்” என்றாள் அக்கா.

அம்மா என்னை அடித்தாள். ஒரே அடி. அக்காவை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை.

அப்பா பேப்பரை இறக்கினார். “வேணாம்னுட்டாங்களா?”

“வேணாம்னுட்டாங்க.”

“அவங்க என்னதான் சொன்னாங்க?”

“மறைக்காம அனுப்பினீங்களே, அதுக்கு ஒரு நமஸ்காரம்னாங்க.” அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொம்மைப் படங்கள் இன்னும் இங்கேதான். கிழிக்கவும் பயம்.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றாள். அக்கா ரசம் வைத்தாள், உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

அக்கா மத்தியானம் படுத்து ஆறு மணி வரை தூங்கினாள். வாய் திறந்து. அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை.

என் கன்னத்தில் விரல் தடம் போய்விட்டது.

நவம்பர் 26, புதன்

திருச்சிக்காரர்கள் ஜாதகத்தையும் படங்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிஜிஸ்டர் தபால். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே இருந்த படத்தை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள்.

நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்பது போல இருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் போகவில்லை. கண்ணாடி போடவில்லை. கட்டைவிரலை அந்தத் திட்டின் மேல் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.

இரண்டு படங்களையும் பீரோவில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

மறுபடி மழை. டெஸ்ட் தள்ளிப்போயிற்று.

மாயவரத்திலிருந்து ஒரு வரன். பெரியம்மா வழியாக. பையன் மஸ்கட்டில். போட்டோ கேட்கிறார்கள். அம்மா போனில், “அனுப்பறோம்கா” என்றாள். வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொல்லைச் சுவரா, மறுபடி களிம்பா என்று நினைத்தேன்.

“கேமரா எடுத்து வரவாம்மா?”

“எதுக்கு?”

பீரோவைத் திறந்து திருச்சியிலிருந்து திரும்பி வந்த படங்களை எடுத்தாள். அக்கா வாசல்படியில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. இந்த வேலையை இன்னும் எத்தனை தடவை செய்ய வேண்டுமோ என்கிற மாதிரி பெருமூச்சு விட்டாள்.

“கடைக்குப் போய்க் கவர் ஒண்ணு வாங்கிட்டு வா.”

“எந்த சைஸும்மா?”

“பெருசு. மடங்காம போகணும்.”