மாமாவின் பக்கம்

மன்னார்

அன்புள்ள மனைவிக்கு,

இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து உமது தந்தையின் பக்கத்தை, அதன் நிர்வாகிகளில் ஒருவனாக நான் நீக்கியது விதிப்படி சரியே. பேராசிரியராக அவர் எழுதிய பௌதிகப் பாடநூலை நாடே படித்தது. ஆனால் அவரைப் பற்றிப் பிறர் எழுதிய ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை.

"தம்பி, என்ர புத்தகம் படிச்சு டொக்டரானவங்கள் ஒருத்தரும் என்னைப் பற்றி எழுதேல்லையோ?" என்று மாமா சிரித்தார். நீர் சிரிக்கவில்லை. அன்றே உயிலங்குளத்துக்கு, அவரிடம் போய்விட்டீர்.

அவர் இறந்த கிழமை அந்த டொக்டர்மார் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அஞ்சலி எழுதினார்கள். விதி கேட்ட ஆதாரம் அதுதான். நேற்று அவருடைய பக்கத்தை மீட்டு, இறந்த ஆண்டையும் நானே சேர்த்தேன்.

அவர் இதைப் பார்த்திருந்தால், வீட்டுக்கு வாரும் என்று உம்மைக் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உமது கணவன்