அப்பா படத்துக்குப் பின்னால் வைத்த மேகம்

என் தங்க அப்பாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அளத்தில் உங்களோடு உப்பு வாரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் ஒன்று சொல்ல வேண்டும் அப்பா. உங்கள் படத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் ஒருநாளும் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. "எம் மவ கம்ப்யூட்டர்ல படம் வரையுதா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். செத்தவர்களை மேகத்தில் நிற்க வைப்பதுதான் அப்பா என் வேலை. முன்னால் புகை மாதிரி ஒரு வெள்ளை மேகம், அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று, கடைசியில் கறுத்துத் திரண்டு ஒன்று. மூன்று அடுக்குப் போட்டால் சோகம் தானாக வந்துவிடும். இப்போது கல்யாண ஜோடிகள்கூட அந்த மேகத்தைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் படம் என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் தேறியது. போன வருஷம் நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது அளத்தில் வைத்து என் போனில் எடுத்தது. உச்சி வெயில், சுருங்கிய கண், வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் வெறும் வெளுத்த வானம். அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களைத் தனியாக வெட்டியெடுத்து, இதுவரை யாருக்கும் போடாத நல்ல மேகமாகத் தேடிப் போட்டேன். முகத்தின் வெளிச்சத்தைக் குறைத்தேன், கண்ணையும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அழுதுகொண்டேதான் செய்தேன். ஆனாலும் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏளா, இம்புட்டு மேகம் கட்டியிருக்கு, உங்கப்பா சிரிச்சுக்கிட்டா நிப்பாக? உப்பெல்லாம் வெளிய கெடக்குமே. அத மூடப் போவாம இங்கன என்ன செய்யுதாக?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மேகம் திரண்டால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிற ஆள் அல்லவா நீங்கள்? ஒரு கோடை மழை பெய்தால் உங்கள் பாடெல்லாம் தண்ணீராகப் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? மழைக்கு லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் கூத்தாடும். நான் வீட்டுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அதையெல்லாம் எப்படி மறந்தேன்? என்னை அளத்துப் பக்கம் வேலைக்கு விடாமல் படிக்க வைத்தீர்களே, அதனாலா?

மறுநாள் காலையில் ஒவ்வொரு அடுக்காக எடுத்தேன். கண்ணை மறுபடி சுருக்கினேன். பழைய வானத்தையே திரும்ப வைத்தேன். ஸ்டூடியோ முதலாளி எட்டிப் பார்த்து, "பின்னால ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, உப்பு காயணும்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா அந்தப் படத்தைத்தான் மாட்டினாள்.

நேற்றுச் சாயங்காலம் மேற்கே நிஜமாகவே மேகம் கட்டியது. நான் துணி எடுக்க ஓடினேன். அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "நீங்க இருங்க. உப்ப மத்தவுக மூடிக்கிடுவாக" என்றாள். நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் அப்பா எனக்கு உறைத்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

இனி யார் படத்தோடு வந்தாலும், பின்னால் என்ன வைக்கட்டும் என்று கேட்பதற்கு முன்னால், அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உப்பு வாரிய கையில் வளர்ந்தும்
மேகத்தை அழகென்று நினைத்துவிட்ட
உங்கள் மகள்,
செல்வி