போயிட்டு வரேன்

அக்கா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

என் மனைவியின் உடலை எடுத்த அன்று, என் மகளை மாடி அறையில் பூட்டிவைத்தாய். "அம்மா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போனா? வந்துடுவாடி" என்றாய். வந்தவர்கள் முன் குழந்தை கத்தினால் உனக்கு மானக்கேடு.

அன்றிலிருந்து அவள் என்னை வாசல் கதவுக்குத் தாழ் போட விடவில்லை. அம்மாவின் செருப்பைத் தினமும் துடைத்து வைத்தாள்.

நேற்று மடியில் உட்காரவைத்து, "அம்மா செத்துட்டாங்க கண்ணு. இனிமே வரமாட்டாங்க" என்றேன். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்: "அப்ப அத்தை ஏம்ப்பா வருவான்னு சொன்னாங்க?"

உனக்காக நான் ஏன் சமாளிக்க வேண்டும்? "அத்தைகிட்டயே கேளு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன். அத்தானும் பிள்ளைகளும் கூடத்தில் இருக்கட்டும். அவர்கள் முன்னாலேயே கேட்பாள். நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று. "திரும்பி வராதவங்க 'வரேன்'னு சொல்லக் கூடாதுப்பா" என்கிறாள். அதனால் உன் வீட்டுப் படியிறங்கும்போது இரண்டு பேரும் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.

போகிறோம்,
தம்பி